பிக்கப்பைக் காட்டுக்குக் கிளப்பும் முன்: பட்டை, ஸ்பிரிங், ஷாக் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: டபுள் கேபின் பிக்கப், பின்னால் கூடாரம், குடும்பத்தோடு மலைப்பாதை. அதனால் இதழின் இந்தப் பகுதியை முழுக்க சஸ்பென்ஷனுக்கே ஒதுக்கிவிட்டோம்.

என்னிடம் 2021 இசுஸு வி-கிராஸ் இருக்கிறது. கேனபி (பின்தொட்டிக்கு மூடி), கூரைக் கூடாரம், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டு இமாசலத்தின் ஸ்பிதி வரை போக எண்ணம். இப்போது காலியாக ஓட்டும்போதே பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ‘ரெண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டா எல்லாம் சரியாயிடும்’ என்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், கோவை

காலியாக இருக்கும்போது குதிப்பதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் இருப்பது கமான் பட்டை, அதாவது எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏறினால்தான் அது வளைந்து கொடுக்கும். காலி வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கும். சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கு அசையவே அசையாது, பெரியதுக்கு மொத்தமாகத் தூக்கிப் போடும். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பின் டயருக்குக் காலி வண்டிக்கு ஒரு காற்றழுத்தம், முழுப் பாரத்துக்கு ஒரு காற்றழுத்தம் என்று இரண்டு அளவு போட்டிருந்தால், பங்க்கில் காற்று பிடிப்பவர் பெரும்பாலும் பெரிய அளவைத்தான் பிடித்திருப்பார். அதைக் குறைத்தாலே பாதிக் குறை போய்விடும். செலவும் இல்லை.

அடுத்தது எடை. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஊருக்குள் ஓடும்போதும் வண்டியை விட்டு இறங்காத சாமான் ஒரு பத்தி. பயணத்துக்கு மட்டும் ஏறுவது மறு பத்தி. நீங்கள் சொல்லும் ஏற்பாட்டுக்குத் தோராயமாக இப்படி வரும். கூரைக் கூடாரம் 60 கிலோ, ஃபைபர் கேனபி 50, பலகை டிராயர் 50, 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி 12, காலி ஃப்ரிட்ஜ் 18. ஆக 190 கிலோ வண்டியிலேயே தங்கும். பயணத்தின்போது தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, ஃப்ரிட்ஜுக்குள் போகும் சாப்பாடு 12, கருவிகளும் காற்று கம்ப்ரஸரும் 25, அடுப்பு பாத்திரம் 15, துணி படுக்கை 20, இருபது லிட்டர் டீசல் கேன் 17. இது 129. இரண்டும் சேர்ந்து 319 கிலோ. ஆளுக்கு 70 என்று நாலு பேர் ஏறினால் இன்னொரு 280. ஏறக்குறைய 600 கிலோ வந்துவிட்டது.

இப்போது ஆர்.சி.யை எடுத்து மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான டபுள் கேபின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இந்த மிச்சம் பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. ‘லாரி மாதிரி இருக்கே, ஒரு டன் தாங்காதா?’ என்று கேட்பவர்கள் இந்தக் கழித்தலை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். முரட்டுப் பட்டை போட்டால் பின்பக்கம் அமுங்காது, அவ்வளவுதான். பிரேக், ஆக்ஸில், வீல் பேரிங், சேஸிஸ் எல்லாம் பழைய ஆள்தான். சட்டப்படியான மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. ஆகவே பட்டியலைப் பட்டையை வைத்துச் சரிக்கட்டாதீர்கள், பட்டியலையே குறையுங்கள். பலகை டிராயருக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி நாலு போதும். அதிலேயே 40 கிலோ மிச்சம்.

சாமான் ஏற்றி எடை மேடைக்குப் போய் மூன்று முறை நிறுத்துங்கள்: முன் சக்கரம் மட்டும், முழு வண்டி, பின் சக்கரம் மட்டும். அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் பேச்சே மாறிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்குப் பட்டையை மூன்று நான்கு தரத்தில் விற்பார்கள்: காலி அல்லது லேசான பாரம், நிரந்தரமாக 200 கிலோ சுற்றுவட்டாரம், நிரந்தரமாக 300-க்கு மேல், இப்படி. ‘நிரந்தரம்’ என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். உங்கள் 190 கிலோ எந்நாளும் வண்டியிலேயே இருக்கும் என்றால் நடுத்தரம். கூடாரத்தையும் கேனபியையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாரம் முழுக்கக் காலியாக ஓட்டுவீர்கள் என்றால் லேசான தரத்தோடு நில்லுங்கள். வருஷத்தில் பத்து நாள் பயணத்துக்காக 300 கிலோ பட்டை போட்டவர்கள் மீதி 355 நாளும் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

முன்பக்கம் வின்ச் (வண்டியை இழுக்கும் கேபிள் இயந்திரம்), இரும்பு பம்பர் என்று எதுவும் கூடவில்லையென்றால் கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஒரு படி மட்டும் கெட்டியானது போதும். ஸ்பிரிங்கைவிட முக்கியம் ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். ஸ்பிதி வழியில் லோசர், குன்சும் கணவாய், கிராம்பூ பக்கம் கல்லும் சலவைப்பலகை மாதிரி வரிவரியான மண்ணும் மணிக்கணக்கில் வரும். ஷாக்கின் பிஸ்டன் நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கும். உள்ளே எண்ணெய் சூடாகி, காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது, வண்டி மிதக்க ஆரம்பிக்கும். மெல்லிய கம்பெனி ட்வின் டியூப் (இரட்டைக் குழாய்) ஷாக்கைவிட விட்டம் பெரிய ட்வின் டியூப்போ, வாயு தனி அறையில் அடைத்த மோனோ டியூப்போ (ஒற்றைக் குழாய்) இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். தனி டப்பா வைத்த ரிசர்வாயர் ஷாக் இன்னும் தாங்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு ஸ்பிதி போகிறவருக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து; அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிஷம் நிறுத்தினால் சாதாரண ஷாக்கும் தப்பித்துவிடும். நிறுத்தும்போது புறங்கையை ஒவ்வொரு ஷாக்கின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். நாலும் அனலாக இருக்க வேண்டும். மூன்று கொதித்து ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால், வேலை செய்யாதது அந்த ஒன்றுதான்.

உயரம் கேட்டீர்களே: 40 மில்லிமீட்டர் தாராளம். 50-ஐ எல்லை என்று வையுங்கள்.

முழு கிட் லட்சத்தைத் தாண்டுகிறது. சில ஆயிரத்துக்கு ஸ்பேசர் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?
– வாசகர், திண்டுக்கல்

ஸ்பேசர் என்பது உயரம் கூட்ட இடையில் வைக்கும் தட்டு. அதில் இரண்டு ஜாதி. ஸ்ட்ரட்டின் (முன்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலைக்கு மேல், பாடிக்கும் அதற்கும் நடுவில் வைப்பது ஒன்று. ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவில் வைத்து அழுத்துவது இன்னொன்று.

முதல் வகையில் 25 மில்லிமீட்டர் தட்டு வைத்தால் சக்கரத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். காரணம், ஸ்ட்ரட்டின் கால், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இன்ச் போட்டேன், ரெண்டு இன்ச் ஏறிவிட்டது என்று ஆச்சரியப்படுவார்கள். ஆனால் ஸ்ட்ரட்டே நீளமாகிவிட்டதால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வழக்கத்தைவிடக் கீழே போகும். மேல் பால் ஜாயின்ட் முட்டும், ஆக்ஸில் ஜாயின்ட் கோணம் மிஞ்சும், ரப்பர் பூட் கிழியும். அமுங்கும்போது இதற்கு நேர்மாறு: பம்ப் ஸ்டாப் (அமுங்கும் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்பக்கம் தட்டிவிடும். இரண்டாவது வகையில் நீளம் மாறாது. ஆனால் நிற்கும்போதே ஷாக் பாதிக்கு மேல் விரிந்திருக்கும். வேகத்தடையை விட்டு இறங்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். ஷாக் முழுக்க நீண்டு தன் எல்லையில் அடிபடும் சத்தம் அது.

முன்பக்கம் மூக்கு தாழ்ந்திருக்கிறது, சமமாகத் தெரிந்தால் போதும், மண்பாதை எப்போதாவது என்பவருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் முதல் வகை ஸ்பேசர் பரவாயில்லை. பாரம் ஏற்றி மலைக்குப் போகிறவர் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து இரண்டு ஷாக் வாங்குவது மேல்.

பழைய பட்டையை நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் அடித்து வளைவு ஏற்றித் தருகிறார்கள். கூட ஒரு பட்டையும் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், சேலம்

அங்கே கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவர்களுடைய கண் பத்து டன் லாரிக்குப் பழகிய கண். இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வேலையைக் கொடுங்கள்.

ஒன்று, கேஸ் வைத்துச் சூடாக்கக் கூடாது. சிலிக்கான் மாங்கனீஸ் எஃகைச் செஞ்சூடாக்கி வளைத்து அப்படியே ஆற விட்டால் அதன் பதம் போய்விடும். சில மாதத்தில் படுத்துவிடும், அல்லது சூடுபட்ட இடத்திலேயே ஒடியும். சூடாக்காமல் பச்சையாகச் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவும் நிலைக்காது. பழைய பட்டை தாழ்ந்தது களைப்பினால்; களைத்ததை நிமிர்த்தி வைத்தால் மறுபடி தாழும். மொத்த செட்டையும் முறையாக உலையிலிட்டு, எண்ணெயில் குளிர்வித்துப் பதமேற்றித் தருகிற இடம் என்றால் அது வேறு கதை.

இரண்டு, சேர்க்கும் பட்டையின் தடிமன். இங்கேதான் கணக்குத் தப்புகிறது. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே அகல நீளத்தில் 8 மில்லிமீட்டர் வைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, 2.37 மடங்காகிறது. 10 மில்லிமீட்டர் லாரித் துண்டு என்றால் 4.6 மடங்கு. ‘ஒரே ஒரு பட்டைதானே சார்’ என்று சொல்லி வைத்த துண்டு மற்ற பட்டைகளை வேலை செய்யவிடாமல் பாரத்தைத் தானே சுமக்கும். அதன் நுனி முட்டும் இடத்தில் மெயின் பட்டை (எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமானது) ஒடியும். தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரால் உங்கள் பட்டைகளை அளந்து, அதே தடிமனில், மெயினுக்கும் கீழே உள்ளதற்கும் இடைப்பட்ட நீளத்தில், நுனி சீவி மெலிதாக்கிய பட்டையைக் கேளுங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் அதற்கேற்ப நீளமாகப் புதிது வேண்டும்.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதையும் சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு கட்டைக்கு மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது.

கிட்டை லோக்கல் மெக்கானிக்கிடம் போடப் போகிறேன். பக்கத்தில் நின்று என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், மதுரை

முந்தின நாள் ராத்திரியே பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளுக்கும், பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் சாக்கிலுக்கும் துரு இளக்கி அடித்து வையுங்கள். காலையில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து நாலு எண்ணையும் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று அளவைக் கெடுத்துவிடும். டீசல் எத்தனை கோடு இருந்தது என்பதையும் குறியுங்கள், பிறகு அளக்கும்போது அதே அளவு இருக்க வேண்டும்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டாயிற்றா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. அது அந்தரத்தில் நிற்கும்போது பிரேக்கால் ஒரு பயனும் இல்லை. சேஸிஸுக்கு இரண்டு ஸ்டாண்டு, ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கி. இரண்டு பக்கப் பட்டையையும் ஒரே நேரத்தில் கழற்ற விடாதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இல்லையென்றால் ஆக்ஸில் உருண்டு, பிரேக் குழாயை இழுத்துவிடும். சில வண்டிகளில் டேங்க் பக்கத்து முன்கண் (பட்டையின் முன்முனை வளையம்) போல்ட் வெளியே வர டேங்க் இடிக்கும். அப்போது டேங்க்கை இறக்கித்தான் ஆக வேண்டும், போல்ட்டை வெட்டுவது குறுக்குவழி.

புதுப் பட்டையை வைக்கும்போது திசையைக் கவனியுங்கள். சென்டர் போல்ட் பல வண்டிகளில் சரிநடுவில் இருக்காது, ஒரு பக்கம் குட்டையாக இருக்கும். பழைய பட்டையைப் பக்கத்தில் தரையில் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையிலுள்ள துளைக்குள் ‘டக்’ என்று உட்கார வேண்டும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு முறை முறுக்கி நீண்ட மரை இரண்டாவது முறை பிடிப்பு தராது. நாலு நட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். முடிந்தபின் நாலு காலிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவாக இருக்க வேண்டும்.

மிக அதிகம் தப்பு நடப்பது புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், விஷயத்தில். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே சாக்கில், முன்கண், கீழ் ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தரையில் இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பலன், வண்டி உயரமாகத் தெரியும், விறைப்பாக ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் புஷ் கிழியும். எல்லாவற்றையும் கைப்பிடியாக மட்டும் வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பின் பம்பரில் ஏறி நாலு குதி குதித்து, பிறகுதான் டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். குழியிலோ, நாலு சக்கரமும் உட்காரும் லிஃப்டிலோ செய்தால் கை எட்டும்.

முன்பக்க ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலை ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டு கொக்கி வைத்த சாதாரண கம்ப்ரஸரில் கெட்டி ஸ்பிரிங்கை அழுத்துவதைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், நிறுத்தவும் சொல்லுங்கள். ஸ்பிரிங், ஷாக், மேல் மவுண்ட் மூன்றும் கோத்து வரும் செட் வாங்குவது நல்லது. ஹப்பை பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ஏபிஎஸ் வயரின் கிளிப்பைக் கழற்றிவிட்டார்களா என்றும் ஒரு பார்வை. சில கிட்களில் வலது ஸ்பிரிங் இடதைவிடச் சில மில்லிமீட்டர் உயரமாக வரும், ஓட்டுநர் எடைக்காக. வெளிநாட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நாட்டுக்கு வந்த கிட் என்றால் அது தலைகீழாக இருக்கும், பெட்டியைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைச் சேஸிஸில் தூக்கி, சக்கரங்களைத் தொங்க விட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய் இவற்றில் எதுவும் விறைத்து இழுபடக் கூடாது. பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டி என்றால் அதன் கம்பியையும் சரிசெய்ய வேண்டும். உயரம் ஏறியதும் ‘வண்டி காலி’ என்று அது தப்பாகப் புரிந்துகொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டும் அன்றே. 500 கிலோமீட்டரில் யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும். புதுப் பட்டை உட்கார்ந்து 5–10 மில்லிமீட்டர் தாழ்வது இயல்பு.

50 மில்லிமீட்டர் ஏற்றியதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது. முதல் இரண்டு கியரில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். பட்டறையில் ‘ஓட ஓடச் சரியாயிடும்’ என்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

ஓட ஓட பேரிங்தான் போகும்.

நடுக்கத்தை இடம் பிரிக்க வேண்டும். 80–100 வேகத்தில் ஸ்டியரிங்கில் வந்தால் அது வீல் பேலன்ஸ். புறப்படும்போது, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள், அடியிலிருந்து வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு. நீளமான பிக்கப்பில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங். பின்பக்கம் உயர்ந்ததும் இரண்டாம் துண்டின் கோணம் கூடிவிடும். சென்டர் பேரிங் தாங்கியின் அடியில் சில மில்லிமீட்டர் தட்டு வைத்து இறக்குவது முதல் மருந்து. போதாவிட்டால் பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவில் இரண்டு டிகிரி ஆப்பு. ஆப்பு எஃகாக இருக்கட்டும்; அலுமினியம் நசுங்கிவிடும், யூ போல்ட் தளர்ந்துவிடும். 300 கிலோ ஏற்றி ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் மறைகிறதென்றால் நோய் இதுதான் என்று உறுதி.

இழுப்புக்கு முதலில் சாலையைச் சந்தேகியுங்கள். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும், எல்லா வண்டியும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். காலியான, மட்டமான இடத்தில் சோதியுங்கள். அங்கேயும் இழுத்தால் அலைன்மென்ட் தாளைக் கேளுங்கள். பச்சை நிறத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல் காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) எண்ணைப் படியுங்கள். முன்பக்கம் உயர்த்தினால் காஸ்டர் குறையும், ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும் குணம் போய்விடும். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்; காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். கோணத்தைச் சரிசெய்யும் கம்பெனி கேம் போல்ட்டை முழுக்கத் திருப்பியும் எண் வரவில்லையென்றால் மாற்று மேல் ஆர்ம் போட வேண்டும். லிஃப்ட் கிட் விற்றவர் இந்தச் செலவை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை.

பின்பக்கம் தாழ்கிறது என்று பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் காற்றுப்பை வைக்கச் சொல்கிறார்கள். நல்லதா?
– வாசகர், ஓசூர்

அளவோடு, தெரிந்து வைத்தால் உதவும். சேஸிஸ் வளைந்த பிக்கப்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இது பலருக்கும் தெரிந்த தொல்லை. பட்டை பாரத்தைச் சேஸிஸின் இரண்டு இடத்தில், முன்கண்ணிலும் பின் சாக்கிலிலும், ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டுத் தாங்குகிறது. காற்றுப்பை நடுவில் ஆக்ஸிலுக்கு மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. பின்னால் பாரம் தொங்க, நடுவில் முட்டு. முழங்காலில் வைத்துக் கரும்பை ஒடிப்பது போலத்தான்.

அதோடு, பாரம் எங்கே இருக்கிறது என்பது அதன் எடை அளவுக்கு முக்கியம். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மில்லிமீட்டர். பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால் பின் ஆக்ஸில் உணர்வது 200 அல்ல, ஏறக்குறைய 265. முன் சக்கரத்தில் 65 கிலோ குறைந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் லேசாகத் தெரிவது அதனால்தான். தண்ணீர், பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாம் கேபினை ஒட்டி, கீழே. பின்கதவுக்கு வெளியே ஸ்பேர் டயர், கேன் என்று மாட்டாதீர்கள்.

காற்றுப்பை வைத்தே ஆக வேண்டுமென்றால், பாரம் ஏற்றியபின் காலி உயரத்தை எட்டும் வரை ஊதாதீர்கள். தாழ்ந்ததில் பாதியை மீட்டால் போதும். மண்பாதை இறங்கும் முன் அழுத்தத்தைக் குறையுங்கள். தினமும் ஒரே பாரம் என்றால் காற்றுப்பைக்குப் பதில் சரியான பட்டைதான்.

பட்டை ‘கிறீச் கிறீச்’ என்கிறது. வாட்டர் சர்வீஸில் டீசலும் பழைய ஆயிலும் அடித்துவிட்டார்கள். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு நாள் சத்தம் போகும். பிறகு அந்த எண்ணெயில் மண் ஒட்டி உப்புத்தாள் போல பட்டையைத் தேய்க்கும். கண் புஷ் ரப்பரும் ஊறி உப்பிவிடும். பட்டை நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். சேற்றைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினாலே பாதி நேரம் சத்தம் நின்றுவிடும். சாக்கில் புஷ் வறண்டிருந்தால் சிலிக்கான் ஸ்பிரே.

எங்களிடம் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இல்லை, நீளக் கம்பிதான். அதை முறுக்கி உயர்த்தலாமா?
– வாசகர், மன்னார்

அது டார்ஷன் பார். பழைய டி-மேக்ஸிலும் அதே. பின்முனையிலுள்ள சரிசெய்யும் போல்ட்டை முறுக்கினால் உயரம் வரும். ஆனால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை, நிற்கும் இடம்தான் மாறுகிறது. மேலே ஏறிய அளவு, கீழே தொங்கும் இடம் குறையும். 25–30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மேல் ஆர்ம், சக்கரம் கீழே தொங்குவதை நிறுத்தும் ரப்பர் தடுப்பில் முட்டிக்கொண்டே ஓடும். தாழ்ந்துபோனதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்துங்கள். முறுக்கும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முறுக்கி, தரையில் இறக்கி உருட்டியபின் அளவெடுங்கள். முன்னால் பாரம் கூடியிருந்தால் பருமனான கம்பி வாங்குவதே வழி.

சஸ்பென்ஷன் மாற்றாமல், டயரை மட்டும் மாற்றினால் எவ்வளவு பலன்?
– வாசகர், ஊட்டி

நிறைய. 255/60 ஆர் 18 டயரின் பக்கச்சுவர் 153 மில்லிமீட்டர். 255/70 ஆர் 16-க்கு மாறினால் அது 178 ஆகும். மொத்த விட்டம் இரண்டிலும் 763 மில்லிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் மாறாது. 2016-இல் வந்த வி-கிராஸே 16 இன்ச் வீலோடுதான் வந்தது. இருந்தாலும் வாங்கும் வீல் உங்கள் வண்டியின் பிரேக் காலிப்பரை உரசாமல் சுழல்கிறதா என்று ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். கல்பாதையில் 24–26 பிஎஸ்ஐ, மணலில் 16–18 என்று இறக்கி, மெதுவாக ஓட்டி, தார் ரோடு வந்ததும் கம்ப்ரஸர் வைத்துப் பிடித்துவிடுங்கள். முதல் சில ஆயிரத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

வழியில் பட்டை ஒடிந்தால்?
– வாசகர், ஈரோடு

எந்தப் பாதி ஒடிந்தது என்று பாருங்கள். ஆக்ஸிலுக்குப் பின்னால் என்றால் வண்டி தாழும், மெதுவாக ஊர் சேரலாம். முன்பாதி மெயின் பட்டை ஒடிந்தால் ஆக்ஸிலைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அது பின்னால் நகர்ந்து சக்கரம் கோணிவிடும். சாமானை இறக்கி, சேஸிஸைத் தூக்கி, பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கெட்டி மரக்கட்டை செருகிக் கட்டுங்கள். ஆக்ஸிலிலிருந்து பட்டையின் முன்கண் தாங்கி வரை சங்கிலியோ ராட்செட் பட்டியோ போட்டு முன்னோக்கி இழுத்து இறுக்குங்கள். அந்தப் பக்கம் பிரேக் குழாய் நசுங்கவில்லையே என்று பார்த்துவிட்டு 20 வேகத்தில் போங்கள்.

பட்டை ஒடியாமல் சென்டர் போல்ட் மட்டும் அறுந்தாலும் சக்கரம் கோணும். யூ போல்ட் தளர்ந்ததுதான் பெரும்பாலும் காரணம். பெட்டியில் சென்டர் போல்ட் இரண்டு, நட்டோடு யூ போல்ட் ஒரு செட், பட்டைகளைச் சேர்த்து இறுக்க ஒரு பெரிய ஜி கிளாம்ப், ஒரு மரக்கட்டை. எல்லாம் சேர்ந்து எட்டு கிலோ வராது.

ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா?
– வாசகர், சென்னை

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக்கும் பட்டையும் போடுவதற்கும், வண்டியை நாலு இன்ச் தூக்கி டயர் வெளியே துருத்த நிற்பதற்கும் அதிகாரி கண்ணில் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னால் இரும்பு புல் பார் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மாற்றும் முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயிலில் எழுதி, பதிலை வாங்கி வையுங்கள். கழற்றிய கம்பெனிப் பட்டையையும் ஷாக்கையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எஃப்.சி. நாளிலோ விற்கும்போதோ அவை தேவைப்படும்.